ஆட்டு இதயத்தை வகுப்பில் அறுத்துக் காட்டலாமா? ஒரு விலங்கியல் டீச்சரின் சந்தேகம்

#1 மேலூர்_டீச்சர் | ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ப்ளஸ் ஒன் விலங்கியல் எடுக்கிறேன். விஷயம் சின்னதுதான், ஆனால் ஒரு வாரமாக மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

போன திங்கட்கிழமை இரத்த ஓட்டப் பாடம். புத்தகத்தில் இதயத்தின் படம், ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், நிஜமாவே நீலமா இருக்குமா?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பார்த்த ஒரே இதயம் அந்தப் படம்தான், அதை அவன் நம்பிவிட்டான். தப்பு அவன்மேலா?

மறுநாள் விடியற்காலை கறிக்கடையில் சொல்லிவைத்து, கீறல் போடாமல் ஒரு ஆட்டு இதயம், மூச்சுக்குழாயோடு நுரையீரல், அப்படியே மீன் கடையில் ஒரு கட்லா எல்லாம் வாங்கினேன். மொத்தமும் என் கைக்காசு. முதல் நாளே வகுப்பில், "நாளைக்கு நிஜத்தைப் பார்ப்போம், விருப்பம் இல்லாதவர்கள் லைப்ரரிக்குப் போகலாம்" என்று சொல்லியிருந்தேன். பள்ளிக்குள் நுழையும்போதே எச்.எம். கூப்பிட்டுவிட்டார். ஒரு மாணவியின் அப்பா போன் செய்திருக்கிறார். அவர்கள் வீட்டில் சைவம். "பள்ளிக்கூடத்துல ஆடு மாடு அறுக்கிறாங்களாமே" என்றாராம். எச்.எம். நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். "எதுக்கு டீச்சர் வம்பு, வீடியோ போட்டு முடிச்சிருங்க" என்றார்.

வீடியோ போட்டேன். சாயங்காலம் மீன் குழம்பானது. நுரையீரலை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள், தெருநாய்களுக்குப் போனது.

நான் செய்ய நினைத்தது தப்பா? அந்தப் பிள்ளையைப் பற்றியும் யோசிக்கிறேன். லைப்ரரிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்கு நியாயம் செய்ததாகிவிடுமா?

#2 பச்சைப்புல் | ஞாயிறு இரவு 10:05

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியிலேயே வேண்டாம் என்று நிறுத்திய ஒன்றைப் பள்ளிக்கு ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்? பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2011-ல் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 2014-ல் இளநிலை, முதுநிலை இரண்டிலுமே வேண்டாம் என்றது. பி.எஸ்சி. விலங்கியல் படிப்பவனே அறுக்காதபோது, ப்ளஸ் ஒன் பிள்ளைக்கு என்ன அவசரம்?

பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது, முப்பரிமாண மென்பொருள்கள் இருக்கின்றன. இதயத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் பிரிக்கலாம், மூடலாம். வெளிநாட்டில் செயற்கைத் தவளையே வந்துவிட்டது. 2019-ல் ஃபுளோரிடாவில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் அதைத்தான் அறுத்தார்கள்.

#3 ஒத்தக்கடை_சேவல் | ஞாயிறு இரவு 10:11

மதியம் சத்துணவுல முட்டை போடுறாங்களே, அதுக்கு யாரும் போன் பண்ணலையா?

#4 பழைய_லேப்_அண்ணன் | ஞாயிறு இரவு 11:52

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் வாத்தியார் இல்லை. ஒரு கல்லூரியில் விலங்கியல் துறையில் அட்டெண்டராகச் சேர்ந்து, லேப் அசிஸ்டெண்டாக ரிட்டையர் ஆனவன். முப்பத்திரண்டு வருஷம். இந்த விஷயத்தை யார் பேசினாலும் கத்தியை வைத்தவன் சரியா தப்பா என்றுதான் பேசுகிறார்கள். கத்தி மேஜைக்கு வரும்போது எல்லாம் முடிந்துபோயிருக்கும். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்த்தவன் நான், அதைச் சொல்கிறேன்.

தவளை சாக்கில் வரும். ஈரச் சாக்கு. ராத்திரி டார்ச் அடித்துப் பிடித்து, விடியற்காலை பஸ்ஸில் ஏற்றி ஒரு ஆள் கொண்டுவருவார். அவிழ்த்து சிமெண்ட் தொட்டியில் கொட்டினால் மேலே உள்ளது குதிக்கும். அடியில் உள்ளது குதிக்காது. ஐம்பது சொல்லியிருந்தால் எட்டு பத்து நசுங்கிச் செத்தே வரும். அதற்குக் கணக்கு கிடையாது, அந்த ஆளுக்கும் காசு கிடையாது, அதனால் அடுத்த முறை இன்னும் பத்து கூடப் போட்டுத் திணித்துக் கொண்டுவருவார். நவம்பரில் மழை, தவளைக்குப் பஞ்சமில்லை. பிராக்டிகல் பரீட்சையோ பிப்ரவரி, மார்ச். வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்போது கிடைப்பதெல்லாம் ரொம்ப நாள் தொட்டியில் பட்டினி கிடந்தது. தொடை எலும்பு தெரியும்.

கிளாஸ் தொடங்க இருபது நிமிஷம் இருக்கும்போது கண்ணாடி ஜாடியில் குளோரோஃபார்ம் பஞ்சு போட்டு, தவளையைப் போட்டு மூடுவேன். மெழுகுத் தட்டில் மல்லாத்தி நாலு கைகாலுக்கும் குண்டூசி. பிள்ளைகள் உள்ளே வரும்போது நாற்பது தட்டு வரிசையாக இருக்கும். அவர்களுக்கு அது தவளை இல்லை, ஸ்பெசிமன். வயிற்றில் நடுவே ஒரு ரத்தநாளம் ஓடும். அதை விட்டுத் தள்ளிக் கீற வேண்டும் என்று சார் கத்திக்கொண்டே இருப்பார். பாதிப் பேர் நடுவிலேயே கீறித் தட்டை ரத்தக்குளமாக்கிவிட்டு, "அண்ணே, இன்னொண்ணு குடுங்கண்ணே" என்று வந்து நிற்பார்கள். கொடுப்பேன். அதற்கும் சேர்த்துத்தான் ஜாடியில் போட்டிருப்பேன்.

பரீட்சை அன்று அறுபது பேருக்கு எழுபத்தைந்து தவளை. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் ஒரு தட்டின் முன்னால் அரை நிமிஷம் நின்றால் பெரிய விஷயம். மார்க் போடுவார், நகருவார். சாயங்காலம் எழுபத்தைந்தையும் ரெண்டு பக்கெட்டில் அள்ளி, தோட்டத்துக்குப் பின்னால் குழி, சுண்ணாம்பு, மண்.

ஒரு வருஷம் குளோரோஃபார்ம் பாதி பாட்டில்தான் வந்தது. பார்த்துப் பார்த்துக் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு பெண்ணின் தட்டில், தோலைக் கீறிய பிறகு தவளை காலை இழுத்தது. ஒரு கால் குண்டூசியோடு மேலே வந்துவிட்டது. அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியை வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எல்லார் முன்னாலும் எனக்குத்தான் திட்டு விழுந்தது. பாதி பாட்டில் வாங்கியவர்களுக்கு ஒன்றும் விழவில்லை.

2014-ல் நிறுத்தினார்கள் என்று தம்பி எழுதியிருக்கிறார். நான் அதற்கு முன்பே ரிட்டையர். நிறுத்தியது நல்லது. ஆனால் டீச்சர் வாங்கிவந்தது சாக்குத் தவளை இல்லை. அந்த ஆட்டை யாரும் உங்கள் வகுப்புக்காக அறுக்கவில்லை. ரெண்டையும் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

#5 நெல்லை_டாக்டர் | திங்கள் காலை 6:30

லேப் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. எங்கள் கல்லூரியில் உங்களைப் போல ஒருவர் இருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் உடலியங்கியல் லேபில் எங்களுக்கும் தவளை உண்டு. பித்திங் என்பார்கள். தலையை முன்னால் வளைத்துப் பிடித்து, பிடரியில் விரலால் தடவினால் ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே ஊசியை இறக்கி முதலில் மூளைப் பக்கம், பிறகு தண்டுவடப் பக்கம் கிளற வேண்டும். தண்டுவடத்தில் ஊசி போகும்போது ரெண்டு காலும் விறைத்து நீளும், அப்புறம் துவளும். துவண்டால் சரியாகச் செய்தாய் என்று அர்த்தம். பிறகு கெண்டைக்கால் தசையை நரம்போடு எடுத்து, கரி படிந்த காகிதம் சுற்றிய டிரம்மில் அது சுருங்குவதை வரைய வைப்போம். அந்தக் கோட்டை வார்னிஷில் முக்கி ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும். என் நோட்டு இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

இதனால் நல்ல டாக்டர் ஆனேனா என்று கேட்டால், இல்லை. என் கைக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது தவளை இல்லை. சீனியர் பக்கத்தில் நின்று, கீறலை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடித்த ராத்திரிகள்தான். "தவளையை அறுக்காவிட்டால் டாக்டர் எப்படி உருவாவான்" என்று கேட்பவர்கள் யாரும் டாக்டர்களாக இருக்க மாட்டார்கள். பிற்பாடு மருத்துவக் கல்லூரிகளிலும் அந்தச் சோதனைகள் கணினிக்குப் போய்விட்டன. ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் மறக்கவில்லை. எல்லாம் முடிந்து துவண்டு கிடந்த தவளையின் மார்பைத் திறந்தபோது இதயம் அடித்துக்கொண்டிருந்தது. மூளை இல்லை, தண்டுவடம் இல்லை, அது பாட்டுக்கு அடிக்கிறது. இதயத்துக்குத் தன் துடிப்பு தன்னிடமே இருக்கிறது என்று புத்தகத்தில் பத்து தடவை படித்திருப்பேன், அன்றைக்குத்தான் நம்பினேன். அதற்காக ஒரு தவளை சாகலாமா? என் வகுப்பில் செத்தது ஒன்று இல்லையே. ஆளுக்கு ஒன்று. ஒருவர் செய்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்திருந்தால் போதும். ஒரு நல்ல வீடியோவே கூடப் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

டீச்சர், ஆட்டு இதயம் தாராளமாகக் காட்டுங்கள். அடுத்த தடவை "குழாயோடு வெட்டுங்க" என்று சொல்லி வாங்குங்கள். கறிக்கடையில் பெருந்தமனியை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். கொஞ்சம் நீளமாக இருந்தால் அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். அதை எந்த மென்பொருளும் இவ்வளவு அழகாகக் காட்டாது.

#6 பச்சைப்புல் | திங்கள் காலை 8:15

லேப் அண்ணன் எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார், முடிவை மட்டும் வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்.

கறிக்கடையில் வாங்கினால் கணக்கில் வராது என்கிறீர்கள். சரி, அந்த ஆடு எப்படியும் செத்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு நாம் என்ன பழக்குகிறோம்? ஒரு உடலை மேஜையில் வைத்துப் பிரித்தால் அது பாடம் என்கிறோம். அந்தப் பெண் பிள்ளைக்கு அது பாடமாகத் தெரியவில்லை என்றால் அவளிடம்தான் ஏதோ குறை என்பதுபோல லைப்ரரிக்கு அனுப்புகிறோம்.

1987-ல் கலிஃபோர்னியாவில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற 15 வயதுப் பெண் தவளையை அறுக்க மாட்டேன் என்றாள். மார்க் குறைத்தார்கள். கோர்ட்டுக்குப் போனாள். இயற்கையாகச் செத்த தவளையைக் கொடுத்தால் அறுப்பாயா என்கிற அளவுக்கு வழக்கு போனது. அடுத்த வருஷமே அந்த மாநிலத்தில், மனசாட்சிப்படி மறுக்கும் மாணவருக்கு மாற்று வழி கேட்கும் உரிமை சட்டமானது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த உரிமை இங்குள்ள பிள்ளைக்கும் உண்டுதானே?

#7 ஒத்தக்கடை_சேவல் | திங்கள் காலை 8:22

அமெரிக்காவுல பன்னி, பூனையைக் கூட மருந்துல ஊறவச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறாங்க. அங்க சட்டம் வந்ததுக்குக் காரணம் அங்க கூத்து அப்படி. இங்க ஒரு ஆட்டு ஈரக்கொலைக்கு இம்புட்டுப் பஞ்சாயத்து.

#8 சட்டப்புத்தகம் | திங்கள் மதியம் 1:40

பச்சைப்புல் கலிஃபோர்னியா வரை போக வேண்டியதில்லை, திருவான்மியூர் போதும்.

1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர், அங்கே இருக்கிற கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்ற உறுதியின்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். சட்டம் வந்தபின் 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இயங்கியது.

அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மருத்துவப் பள்ளி, மருத்துவமனை, கல்லூரி போன்ற இடங்களில் புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்றவற்றால் அதே பாடத்தை நடத்த முடியுமானால் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. 1960-லேயே! அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு லேப் அண்ணனின் தொட்டிக்குச் சாக்கு சாக்காக வந்துகொண்டிருந்தது என்றால், "அதே பாடத்தை நடத்த முடியாது" என்று துறைகள் சாதித்துக்கொண்டு இருந்தன என்று அர்த்தம்.

ஆனால் டீச்சருக்கு இதில் பயம் வேண்டாம். அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரல்லாத, உயிருள்ள ஒன்று. கறிக்கடை இதயம் அதில் வராது. எச்.எம்.முக்குச் சட்டச் சிக்கல் கிடையாது. அவருக்கு இருப்பது போன் சிக்கல்.

#9 குளத்தங்கரை | திங்கள் மாலை 7:02

சாக்குல புடிச்சுக் குடுத்த ஆளுக சார்பா நான் பேசுறேன். சின்ன வயசுல நானும் புடிச்சிருக்கேன். தூண்டில் நுனியில துணியைக் கட்டி தண்ணி மேல ஆட்டுனா பச்சைத் தவக்களை பாஞ்சு கவ்வும். விடாது. ராத்திரின்னா டார்ச். வெளிச்சம் கண்ணுல பட்டா அப்படியே சிலையா உக்காந்துக்கும், கையால அள்ளலாம்.

காலேஜுக்குப் போனது கொஞ்சம்தான் அண்ணே. பெருசா போனது கால் வியாபாரத்துக்கு. பின்னங்கால் ரெண்டையும் வெட்டி ஐஸ் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க, மேல்பாதி அங்கனயே கெடக்கும். வயல்ல பூச்சியும் கொசுவும் கூடிப்போச்சு, தவளை இல்லைன்னு ஊரே சொல்லுச்சு. 1987-ல ஏற்றுமதியை கவர்மெண்டு நிறுத்துனதுக்கு அப்பறம்தான் எங்க பக்கம் மறுபடி மழை ராத்திரியில சத்தம் கேட்டுச்சு. இப்ப அதுவும் இல்ல, மருந்தடிச்சே முடிச்சாச்சு. குளமும் பிளாட் ஆயிருச்சு.

பள்ளிக்கூடத்துல அறுக்கிறது தப்புன்னு பேசுற பிள்ளைக, அந்தக் குளத்துக்கும் கொஞ்சம் பேசுங்க.

#10 நீட்_ரிப்பீட்டர் | திங்கள் இரவு 9:30

ரெண்டாவது அட்டெம்ப்ட். தவளையோட சிரை மண்டலம், மூணு அறை இதயம், கழிவுநீக்கம் எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். கையால தவளையைத் தொட்டது கிடையாது. எங்க அபார்ட்மெண்ட்ல தவளை வராது.

2024 நீட் பாடத்திட்டத்துல அச்சடிச்சிருந்தது ஞாபகம் இருக்கா? பூச்சியோட உறுப்பு மண்டலங்கள்னு போட்டு, அடைப்புக்குறிக்குள்ள தவளைன்னு இருக்கும். முதல்ல கரப்பான்பூச்சி இருந்துச்சு, அதைத் தூக்கிட்டுத் தவளையைப் போட்டாங்க, பூச்சிங்கிற வார்த்தையை எடுக்க மறந்துட்டாங்க. நிஜத் தவளையை ஒரு தடவை பாத்தவங்க யாராவது அதைப் படிச்சுப் பாத்திருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க.

#11 நெல்லை_டாக்டர் | திங்கள் இரவு 9:48

சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் தம்பி.

#12 கிழக்கு_லண்டன் | செவ்வாய் அதிகாலை 3:15

நான் இங்க ஒரு பள்ளிக்கூடத்தில உயிரியல் படிப்பிக்கிறன். இங்க அறுக்கிறது தடை எண்டு கனபேர் நினைக்கினம், அப்பிடி ஒண்டும் இல்லை. இறைச்சிக்கடையில வாங்கின ஆட்டு இதயம், சிறுநீரகம், இதுகள்தான் நாங்கள் பாவிக்கிறது. பண்டி இதயம் மலிவு, மனுசரின்ர மாதிரியே அளவும். ஆனா எங்கட வகுப்பில முஸ்லிம் பிள்ளையள் கனக்க, அதால ஆட்டிலயே நிக்கிறம்.

டீச்சருக்கு உதவுற விசயம் ஒண்டு. இங்கத்தைய ப்ளஸ் டூ மாதிரியான ஏ-லெவல் பாடத்திட்டம் ஒண்டில கட்டாயச் செய்முறையா எழுதியிருக்கிறதே, விலங்கு *அல்லது* தாவரம் எண்டுதான். வாயுப் பரிமாற்றம், கடத்தல், இதுகளுக்கான உறுப்பு எதையாவது வெட்டிப் பாக்க வேணும், அது செடியாயும் இருக்கலாம். அந்த 'அல்லது' தான் விசயம். இதயம் வேண்டாம் எண்டுற பிள்ளை வெளியில போறேல்லை. பக்கத்து மேசையில இருந்து தண்டை வெட்டி, அதே கேள்விக்கு அது வேற விடை எழுதுது. லைப்ரரிக்கு அனுப்பினா அது தண்டனை மாதிரி. வேற வேலை குடுத்தா அது படிப்பு.

இன்னொண்டு. நுரையீரலை வாயால ஊதிப் போடாதேங்கோ! பம்ப் பாவியுங்கோ, அதையும் கண்ணாடி மாதிரித் தெரியிற பொலித்தீன் பையுக்குள்ள நுரையீரலை வைச்சு. தெறிக்கிறதெல்லாம் பிள்ளையளின்ர முகத்தில படக்கூடாது.

#13 மட்டுறுத்துநர் | செவ்வாய் காலை 10:00

ரெண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்த மாணவியின் வீட்டில் சைவம் என்று டீச்சர் எழுதிய ஒரே வரியை வைத்துச் சாதி கண்டுபிடிக்கும் வேலை இங்கே வேண்டாம். "கறி தின்கிறவனுக்கு இரக்கம் எங்கே இருக்கும்" என்று பதிலுக்கு எழுதியதும் அதே வேலைதான். ஒத்தக்கடை_சேவல், இது உங்களுக்கு இரண்டாவது எச்சரிக்கை.

#14 ஒத்தக்கடை_சேவல் | செவ்வாய் காலை 10:09

சரிங்க. வாபஸ்.

#15 முன்னாள்_விரிவுரையாளர் | செவ்வாய் மாலை 5:20

முப்பது வருஷம் அறுக்கச் சொல்லிக்கொடுத்தவன். லேப் அண்ணன் சொன்ன "நடுவில் கீறாதே" என்று கத்துகிற சார் நானாகவே இருக்கலாம்.

அறுப்பை நிறுத்தியபோது துறைக்குள் நடந்ததைச் சொல்கிறேன். அறிவியல் அழிந்துவிடும் என்று புலம்பினோம். உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. எங்கள் செய்முறை வகுப்பு என்பதே அறுப்புதான், அது போனால் மூணு மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பல இடங்களில் சார்ட் மாட்டினார்கள். பிள்ளைகள் சார்ட்டைப் பார்த்து ரெக்கார்டில் வரைந்தார்கள். தவளை பிழைத்தது, செய்முறை செத்தது. குளத்துக்குக் கூட்டிப்போய் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரை வாராவாரம் பார்க்க வைத்திருக்கலாம். மழைக்கால இரவில் எந்தச் சத்தம் எந்தத் தவளை என்று பதிவு செய்யச் சொல்லியிருக்கலாம். ஒரு சிலர் செய்தார்கள். நான் செய்யவில்லை. ரிட்டையர்மெண்டுக்கு நாலு வருஷம் இருந்தது, சார்ட்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? இத்தனை பதிவில் கரப்பானுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தவளைக்குக் கலங்கிய பிள்ளைகளே ஹாஸ்டல் சமையற்கட்டில் கரப்பானைப் பிடித்து, "சார், பெருசா புடிச்சிருக்கேன்" என்று டப்பாவைத் திறந்து காட்டுவார்கள். தட்டில் தண்ணீர் விட்டு, முதுகுத் தகட்டை ஒவ்வொன்றாக எடுத்தால் உமிழ்நீர்ச் சுரப்பி பஞ்சு மாதிரி மிதந்து எழும். கறுப்புக் காகிதத்தை அடியில் நுழைத்தால் பளிச்சென்று தெரியும். எனக்கு மிகப் பிடித்த வேலை அது. இப்போது நினைத்தாலும் குற்ற உணர்ச்சி வர மறுக்கிறது. ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

#16 பச்சைப்புல் | செவ்வாய் மாலை 6:45

சார், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. கரப்பான் விஷயத்தில் என்னைக் கேட்காதீர்கள், வீட்டில் ஸ்ப்ரே அடிப்பது நான்தான்.

லண்டன்காரர் சொன்ன 'அல்லது' எனக்குச் சம்மதம். இதயத்துக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் ஒரு வகுப்பில் இரண்டு மேஜையும் சம மரியாதையோடு இருந்தால் நான் போன் செய்கிற பெற்றோராக இருக்க மாட்டேன்.

#17 மேலூர்_டீச்சர் | இரண்டு வாரம் கழித்து, சனி இரவு 8:30

எல்லோருக்கும் பதில் சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். நான் நினைத்தது ஒன்று, அவள் சொன்னது ஒன்று. "பாக்குறதுக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நான் மட்டும் எந்திரிச்சு லைப்ரரிக்குப் போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கள்ல. அதைத்தான் அப்பாட்ட சொன்னேன், அவர் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாரு" என்றாள். ஒரு வாரம் நான் தூக்கம் கெட்டது எதற்கோ, விஷயம் வேறு எதிலோ.

அப்பாவிடமும் பேசினேன். பத்து நிமிஷம் கோபமாகப் பேசினார், அப்புறம் "அவளுக்கு என்ன இஷ்டமோ செய்யட்டும்" என்றார். எச்.எம்.மிடம் 17-ஆம் பிரிவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். படித்தாரா தெரியாது, சந்தனப் பொட்டு வைத்த கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டார். கடைசிப் பீரியடில், லேபில் மட்டும், பெற்றோர் கையெழுத்தோடு என்று அனுமதி கொடுத்தார்.

லேபில் மேஜைகளை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் ஆட்டு உறுப்புகள். இன்னொரு பக்கம் முதல் நாளே சிவப்பு மையில் வேரோடு வைத்த காசித்தும்பைச் செடிகள், பிளேடு, மைக்ரோஸ்கோப். இரண்டுக்கும் ஒரே கேள்வி: *மேலே ஏற வேண்டியது எப்படி ஏறுகிறது, திரும்பிக் கீழே வராமல் எது தடுக்கிறது?* 39 பேரில் 11 பேர் செடிப் பக்கம் போனார்கள். அதில் சைவ வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர்தான். மீதி ஏழு பேர் கறி சாப்பிடுகிறவர்கள், ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்றார்கள். அந்தப் பெண்தான் முதலில் தண்டைக் குறுக்காகச் சீவி, சிவப்புப் புள்ளிகளைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டாள். இதயப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அவளும் இந்தப் பக்கம் வந்து, நான்கடி தள்ளி நின்று பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இதயப் பக்கத்தில் கதாநாயகன் கறிக்கடைக்காரர் மகன். ஆண்டு முழுக்க வாயே திறக்காதவன். மண்ணீரலைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்றால் வகுப்பு முழிக்கிறது, அவன் "சுவரொட்டி" என்கிறான். சிறுநீரகம் என்றால் "குண்டிக்காய்" என்கிறான். போர்டில் ரெண்டு பெயரையும் எழுதிப் போட்டோம். இடது கீழறைச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டேன். அவன் இரண்டு பக்கத்தையும் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் தூரத்துக்கு அனுப்பணும்ல டீச்சர்" என்றான். புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கிறது, அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

டாக்டர் சார், பெருந்தமனியில் தண்ணீர் நின்றது. முதல் தடவை ஒழுகியது, ரெண்டாவது தடவை நின்றது. நுரையீரலைப் பைக்குள் வைத்து சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். கருஞ்சிவப்பாகச் சுருங்கிக் கிடந்தது ரோஸ் நிறத்தில் பொம்மிக்கொண்டு வந்தபோது ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், எச்.எம். வராந்தா வரை வந்துவிட்டார். கதவருகில் நின்று, "இன்னைக்கே முடிச்சிடுவீங்கல்ல?" என்றார். ஆனால் போகவில்லை.

நீலம் கேட்ட பையன் ரத்தநாளம் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடினான். ஒன்று கறுப்பாக, இன்னொன்று வெளுப்பாக இருந்தது. "அப்ப புத்தகத்துல ஏன் டீச்சர் நீலம் அடிச்சாங்க?" என்றான். அடையாளத்துக்கு என்றேன். "அதைக் கீழ எழுதியிருக்கலாம்ல" என்றான்.

பச்சைப்புல், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடிந்தபிறகு ஒரு பையன் இதயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், இது காலைல வரைக்கும் அடிச்சிக்கிட்டு இருந்திருக்கும்ல?" என்றான். ஆமாம் என்றேன். அவன் அதைத் தட்டில் போட்ட விதம், எடுத்தபோது இருந்த மாதிரி இல்லை. இது உங்கள் கட்சிக்குச் சாதகமா என் கட்சிக்கா என்று தெரியவில்லை.

#18 பச்சைப்புல் | சனி இரவு 9:02

எனக்கும் தெரியவில்லை டீச்சர். மிச்சத்தை இந்தத் தடவை என்ன செய்தீர்கள்?

#19 மேலூர்_டீச்சர் | சனி இரவு 9:10

லேபுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் பிள்ளைகளே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைத்திருக்கிறார்கள். கறிக்கடைக்காரர் இந்தத் தடவை காசு வாங்கவில்லை.

#20 பழைய_லேப்_அண்ணன் | சனி இரவு 11:20

டீச்சரம்மா, கத்தி, கத்தரியெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, லேசா தேங்காய் எண்ணெய் தடவித் துணியில சுத்தி வைங்க. அப்படியே டப்பாவுல போட்டா ஒரு மழைக்குள்ள துரு ஏறிடும். குண்டூசியை எண்ணி எடுத்து வைங்க, ஒண்ணு குறைஞ்சாலும் தேடுங்க. பிள்ளைகள் செருப்பில்லாம வருவாங்க.